சயாட்டிகா வலிக்கு கைரோபிராக்டிக்: முதல்முறை போகிறவர்களுக்கு

இடுப்பில் தொடங்கி, பிட்டம் வழியாகத் தொடையின் பின்பக்கம் இறங்கி, கெண்டைக்கால் தாண்டிப் பாதம் வரை சுண்டி இழுக்கும் சயாட்டிகா வலிக்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஒருவர் எண்ணெய் போட்டு நீவச் சொல்வார். ஒருவர் ஆபரேஷன்தான் வழி என்பார். இன்னொருவர், கைரோபிராக்டர் ஒருவர் முதுகைப் படபடவென்று நெட்டி முறிக்கும் வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி ‘இவரிடம் போய்ப் பாரேன்’ என்பார். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுப் போகலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதியது இது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகலாம், ஆனால் எல்லோரும் அல்ல. போனாலும் சில வாரங்களுக்குத்தான். கூடவே நடையும் பயிற்சியும் இல்லையென்றால் போவது வீண்செலவு.

முதலில், இது சயாட்டிகாதானா?

இடுப்பு வலி எல்லாம் சயாட்டிகா ஆகாது. சயாட்டிக் நரம்பு கீழ்முதுகில் எல்4 முதல் எஸ்3 வரையிலான நரம்பு வேர்கள் சேர்ந்து உருவாவது (எல் என்பது இடுப்பு முள்ளெலும்புகள், எஸ் என்பது அதற்குக் கீழே உள்ளவை; எண் வரிசையைக் குறிக்கும்). உடம்பிலேயே தடிமனான நரம்பு அதுதான். அந்த வேர்களில் ஒன்று நசுங்கினாலோ வீங்கினாலோ வலி காலில் தெரியும். பெரும்பாலும் ஒரே காலில். இடுப்பைவிடக் காலில்தான் வலி அதிகம், அதுவும் முழங்காலுக்குக் கீழே இறங்குகிறது என்றால் சந்தேகம் வலுக்கிறது. தும்மும்போதும் இருமும்போதும் முக்கும்போதும் ‘ஷாக் அடிச்ச மாதிரி’ இழுக்கிறது என்று பலர் சொல்வார்கள். அது முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு (டிஸ்க்) பிதுங்கியதன் வழக்கமான அடையாளம்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய மூன்று விஷயங்கள் உண்டு. கட்டிலில் மல்லாந்து படுங்கள். வேறொருவர் உங்கள் காலை, முழங்கால் மடங்காமல், மெல்ல உயர்த்தட்டும். சுமார் 30 முதல் 70 டிகிரிக்குள் முழங்காலுக்குக் கீழே சுருக்கென்று பாய்ந்தால் நரம்பு சம்பந்தப்பட்டிருக்கலாம். தொடையின் பின்பக்கம் வெறுமனே இறுக்கமாக இருப்பது கணக்கில் வராது, அது எல்லோருக்கும் இருக்கும். அடுத்து, குதிகாலை மட்டும் ஊன்றி நாலு அடி நடந்து பாருங்கள். பாதத்தின் முன்பகுதியைத் தூக்க முடியாமல் தொப்பென்று விழுந்தாலோ கட்டைவிரலை மேலே நிமிர்த்தத் தெம்பில்லாமல் இருந்தாலோ எல்5 வேர் பாதிக்கப்பட்டிருக்கலாம். கடைசியாக, வலிக்கிற காலில் மட்டும் நின்று, சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் பத்துமுறை எழும்புங்கள். மற்றக் கால் எளிதாகச் செய்வதை இது செய்யவில்லை என்றால் எஸ்1 வேர் பாதிக்கப்பட்டிருக்கலாம். ஜவ்வு பிதுங்கல்களில் மிகப் பெரும்பாலானவை எல்4–எல்5, எல்5–எஸ்1 என்ற இந்த இரண்டு இடங்களில்தான் வருகின்றன.

வயதானவர்களுக்குக் கதை கொஞ்சம் வேறு. உட்கார்ந்தால் சுகம், நின்றாலும் நடந்தாலும் இரண்டு கால்களும் கனத்து இழுக்கும், தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்து நடந்தால் தேவலை என்றால், அது தண்டுவடக் குழாய் குறுகியதாக இருக்கலாம். அவர்களுக்கான பயிற்சி ஜவ்வுக்காரர்களின் பயிற்சிக்கு நேர் எதிர். அதைக் கீழே சொல்கிறேன்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு பாதங்களும் ஒரே மாதிரி எரிகின்றன, மரத்துப்போகின்றன, இரவில் அதிகம், இடுப்பில் ஒன்றுமில்லை என்றால் அது பெரும்பாலும் சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பு. முதுகை எத்தனை முறை முறித்தாலும் அது போகாது.

கைரோபிராக்டர் அல்ல, அவசரப் பிரிவு

இதை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் கழிக்க முடியாமல் அடைத்துக்கொள்வது, அல்லது தெரியாமலே போய்விடுவது. மலம் கட்டுப்பாடில்லாமல் வருவது. பிறப்புறுப்பைச் சுற்றி, உட்காரும்போது தரையில் படும் பகுதி முழுவதும் மரத்துப்போவது. இரண்டு கால்களும் வேகமாக வலுவிழப்பது. இவற்றில் ஒன்று வந்தாலும் தண்டுவடத்தின் அடிப்பகுதியில் உள்ள நரம்புக் கற்றை மொத்தமாக நசுங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அன்றைக்கே, மணிக்கணக்கில் பார்த்து, பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போய்விடக்கூடும்.

காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்தவர், கீழே விழுந்தபின் தொடங்கிய வலி, எப்படிப் படுத்தாலும் ஓயாத இரவு வலி – இவர்களும் முதலில் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். பாதம் தொங்கிப்போனவர்களும் அப்படியே.

ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

வலி வந்த இரண்டாவது நாளே எம்ஆர்ஐ எடுத்துவிட்டு, அந்த அறிக்கையைப் படித்து இரவெல்லாம் தூங்காமல் கிடப்பவர்கள் நிறைய. ‘டிஸ்க் பல்ஜ்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் வந்த ஓர் ஆய்வில், 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் ஜவ்வுப் புடைப்பு இருந்தது. ஸ்கேனில் தெரிவதும் காலில் வலிப்பதும் ஒரே பக்கம், ஒரே வேர் என்று பொருந்தினால்தான் அதற்கு அர்த்தம்.

மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இருந்தால் உடனே எடுக்க வேண்டும். கால் வலு குறைந்துகொண்டே போனாலும் அப்படித்தான். மற்றவர்கள் ஆறு வாரம் வரை பொறுக்கலாம். பிதுங்கிய ஜவ்வை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். பெரிதாகப் பிதுங்கி, துண்டாக விலகியவைதான் பெரும்பாலும் நன்றாகக் கரைகின்றன என்பது கேட்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். பெரும்பாலானோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் வலி நன்றாகக் குறைந்துவிடுகிறது. எந்த வைத்தியத்தைப் புகழ்வதற்கு முன்னும் இந்தக் கணக்கை நினைவில் வைக்க வேண்டும். எட்டாவது வாரத்தில் யாரிடம் போயிருக்கிறோமோ அவருக்குத்தான் நல்ல பேர் கிடைக்கும்.

கைரோபிராக்டிக் என்னதான் செய்கிறது?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில் 1895-ல் டி.டி. பாமர் என்பவர் தொடங்கியது இது. முதுகெலும்பு லேசாக இடம் விலகுவதுதான் நோய்களுக்கெல்லாம் காரணம் என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கைக்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. இன்றைக்கு ஒழுங்காகப் படித்த கைரோபிராக்டர்கள் பலர் அதை விட்டுவிட்டு, முதுகு, கழுத்து, மூட்டு வலிகளோடு நின்றுகொள்கிறார்கள். சர்க்கரை, ஆஸ்துமா, குழந்தை படுக்கையை நனைப்பது எல்லாவற்றையும் முதுகை முறித்துச் சரிசெய்வேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

‘டக்’ என்று கேட்கும் அந்தச் சத்தம் எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் அல்ல. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறையும்போது வாயுக்குமிழி உண்டாவதால் வருவது. விரலில் நெட்டி எடுக்கும்போது வருவதும் அதுதான். சத்தம் வராவிட்டாலும் பலன் இருக்கலாம், படபடவென்று வந்தாலும் இல்லாமல் போகலாம். அந்த அழுத்தம் பிதுங்கிய ஜவ்வை உள்ளே தள்ளுவதும் இல்லை. இறுகிக் கிடக்கும் தசை தளர்கிறது, வலியுணர்வு சிறிது நேரத்துக்கோ சில நாட்களுக்கோ மட்டுப்படுகிறது, அந்த இடைவெளியில் நடக்க முடிகிறது. அவ்வளவுதான். அதுவும் சிறிய உதவி அல்ல.

ஆதாரம் கலவையாகவே இருக்கிறது. 2006-ல் இத்தாலியில் ஜவ்வு பிதுங்கிக் கால்வலி வந்த 102 பேரிடம் செய்த ஆய்வில், உண்மையான முதுகு அழுத்தம் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குக் கால்வலி போய்விட்டது. பெயருக்குச் செய்த போலி அழுத்தம் பெற்றவர்களில் 20 சதவீதம் பேருக்குத்தான் போனது. 2014-ல் 192 பேரிடம் செய்த அமெரிக்க ஆய்வில், வீட்டுப் பயிற்சியோடு கைரோபிராக்டிக்கும் சேர்த்தவர்களுக்கு 12 வாரத்தில் கால்வலி கூடுதலாகக் குறைந்தது, ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் கால்வலியில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்திருந்தது. பிரிட்டனில் சிகிச்சை வழிமுறைகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே பிடித்துக்கொள்கிறது: கையால் செய்யும் சிகிச்சை தரலாம், ஆனால் பயிற்சியோடு சேர்த்து மட்டும்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

இந்தியாவில் கைரோபிராக்டர்களைப் பதிவுசெய்து கண்காணிக்கும் சட்டபூர்வமான கவுன்சில் இல்லை. அதனால் வெளிநாட்டில் நான்கைந்து வருடம் முழுநேரம் படித்துவிட்டு வந்தவரும், வாரக்கடைசி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் ஒரே மாதிரிப் பலகை மாட்டிக்கொள்ளலாம். கூச்சப்படாமல் கேளுங்கள்: எந்தக் கல்லூரி, எத்தனை வருடப் படிப்பு, இதற்கு முன் பிசியோதெரபி படித்தவரா? முறையாகப் படித்தவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். இவர் சரியில்லை என்று தோன்றினால் அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்டிடம் போவதில் ஒரு குறையும் இல்லை. முதுகு மூட்டுகளைக் கையால் தளர்த்தும் பயிற்சி அவர்களில் பலருக்கும் உண்டு, உடற்பயிற்சி கற்றுத்தருவதில் அவர்கள் கையே ஓங்கியிருக்கும்.

மலேசியாவில் இருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு. 2016-ல் வந்த பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்துக்குள் கைரோபிராக்டிக்கும் வருகிறது. பிரிட்டனில் 1994-ல் வந்த சட்டப்படி பதிவு இல்லாமல் கைரோபிராக்டர் என்று சொல்லிக்கொள்வதே குற்றம். டொரோண்டோ பக்கம் இருப்பவர்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் கைரோபிராக்டர்களைக் கண்காணிக்கும் அமைப்பின் (‘காலேஜ்’ என்றுதான் அதற்குப் பெயர்) பதிவேட்டில் பெயர் தேடலாம், ஆனால் 2004-க்குப் பிறகு அரசுக் காப்பீடு இதற்குப் பணம் தருவதில்லை. சிங்கப்பூரில் அரசுப் பதிவு கிடையாது, இந்திய நிலைமைதான்.

முதல் நாள்

எளிதாகக் குனிய நிமிர வசதியான, தளர்ந்த உடை போட்டுக்கொள்ளுங்கள். பழைய ஸ்கேன், மாத்திரைச் சீட்டு கையில் இருக்கட்டும். அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியவை: எலும்பு தேய்ந்து மெலிந்திருக்கிறது என்று யாராவது சொன்னார்களா, பல நாளாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்டா, கர்ப்பமா, முதுகில் ஏற்கெனவே ஆபரேஷன் நடந்ததா. இவற்றில் சிலவற்றுக்கு வேகமான அழுத்தமே கூடாது.

நல்லவர் என்பதை முதல் பத்து நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். வலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் காட்டச் சொல்வார். சிறுநீர், மலம் பற்றிக் கேட்பார். சுத்தியலால் முழங்காலையும் குதிகால் நரம்பையும் தட்டிப் பார்ப்பார், கட்டைவிரலை அவர் கைக்கு எதிராக நிமிர்த்தச் சொல்வார், பஞ்சாலோ ஊசிமுனையாலோ பாதத்தில் உணர்ச்சி பார்ப்பார். என்ன செய்யப்போகிறார், என்ன ஆபத்து உண்டு என்று சொல்லிவிட்டு உங்கள் சம்மதம் கேட்பார். இதெல்லாம் இல்லாமல் உள்ளே நுழைந்ததும் படுக்கவைத்து முறிக்கத் தொடங்கினால், அதுவும் ஒரு கேமரா ஓடிக்கொண்டிருந்தால், கிளம்பிவிடுவது நல்லது.

கால்வலிக்காகப் போனவரின் கழுத்தை முறிக்க வேண்டிய அவசியமே இல்லை. கழுத்தைச் சட்டென்று திருப்புவதில், அபூர்வமாகத்தான் என்றாலும், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போனதுண்டு. ‘கழுத்தில் கை வைக்க வேண்டாம்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தலையில் பட்டையைக் கட்டி வெடுக்கென்று இழுப்பதும் அதே ரகம். பார்ப்பதற்குப் பரபரப்பு, அதோடு சரி.

மேசையில் என்ன நடக்கும்

கால்வலிக்காரர்களுக்கு நான் முதலில் கேட்கச் சொல்வது, மடக்கி இழுக்கும் மேசையில் செய்யும் மென்மையான முறை. குப்புறப் படுக்க வேண்டும். மேசை இடுப்புக்குக் கீழே தனியாக மடங்கும். கணுக்கால்களைப் பட்டையால் லேசாகக் கட்டுவார்கள். ஒரு உள்ளங்கையை உங்கள் கீழ்முதுகின் நடுவே வைத்துக்கொண்டு, மற்றக் கையால் மேசையின் கால்பகுதியை மெல்லக் கீழே இறக்கி, சில விநாடி நிறுத்தி, மறுபடி மேலே கொண்டுவருவார்கள். இடுப்பு கொஞ்சம் நீள்வது தெரியும். சத்தம் எதுவும் வராது. முதல் முறை போகிறவர் ‘இவ்வளவுதானா?’ என்று ஏமாந்துபோவார். காலில் வலி இறங்கினால் உடனே சொல்லுங்கள், கோணத்தைக் குறைத்துவிடுவார்கள்.

இன்னொன்று, வலிக்காத பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல்காலை மடக்கி, தோளையும் இடுப்பையும் எதிரெதிராகத் திருப்பி ஒரு சிறு உந்தல் கொடுப்பது. சத்தம் வருவது இதில்தான். முதல் வாரக் கடும் வலியில், அல்லது கால் மரத்திருக்கும்போது, இதை அவசரப்பட்டுக் கேட்காதீர்கள். சட்டென்று சிறிதளவு இறங்கும் மேசை, பேனா மாதிரி ஒரு சிறு கருவியால் தட்டுவது போன்றவையும் உண்டு. வயதானவர்களுக்கும் பயந்தவர்களுக்கும் அவை பொருந்தும்.

மறுநாள் தசையெல்லாம் கொஞ்சம் வலிக்கும். ஒன்றிரண்டு நாளில் போய்விடும், பயப்பட வேண்டாம். ஆனால் வலி முன்பைவிடக் கீழே இறங்கினாலோ, மரத்துப்போன இடம் பெரிதானாலோ, கால் வலு குறைந்தாலோ அத்தோடு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டில்

பாதி வேலைக்கு மேல் இங்கேதான். ஒன்றிரண்டு நாளுக்கு மேல் படுத்தே கிடக்காதீர்கள். பத்து நிமிட நடையை ஒரு நாளில் நாலைந்து தடவையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஜவ்வு பிதுங்கியவர்களுக்கு, அதாவது உட்கார்ந்தால் வலி கூடுகிறவர்களுக்கு, நியூசிலாந்தின் பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கென்சி வகுத்த முறை பெரும்பாலும் கைகொடுக்கும். தரையில் பாய் விரித்துக் குப்புறப் படுத்து இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். அப்புறம் முழங்கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்குங்கள், இடுப்பு பாயிலேயே இருக்கட்டும். அது தாங்குகிறது என்றால் உள்ளங்கைகளை ஊன்றி மெல்ல நிமிருங்கள். பத்துமுறை, ஒரு நாளில் சில தடவை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: வலி எந்தப் பக்கம் நகர்கிறது? பாதத்தில் இருந்தது கெண்டைக்காலுக்கும், பிறகு தொடைக்கும், பிட்டத்துக்கும் ஏறிக்கொண்டே வந்தால், இடுப்பில் வலி கூடியிருந்தாலும் நல்ல அறிகுறி. கீழே இறங்கினால் அந்தப் பயிற்சி உங்களுக்கு இல்லை, நிறுத்துங்கள். தண்டுவடக் குழாய் குறுகியவர்களுக்கு நிமிர்வது ஆகாது. அவர்கள் மல்லாந்து படுத்து முழங்கால்களை நெஞ்சோடு அணைப்பது நல்லது.

சம்மணம் போட்டு உட்காருவதையும் குத்துக்காலிட்டு உட்காரும் கழிவறையையும் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடுங்கள். கோலம் போடுவதை வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். இருசக்கர வண்டியில் வேகத்தடையும் பள்ளமும் முதல் சில வாரங்களில் எதிரி. எல்லாவற்றையும்விட மோசம், 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தரையிலிருந்து குனிந்து தூக்கி, அப்படியே உடம்பைத் திருப்பி ஸ்டாண்டில் கவிழ்ப்பது. குனிவதும் சுமப்பதும் திரும்புவதும் ஒரே அசைவில் சேர்வதால் ஜவ்வுக்கு இதைவிடக் கஷ்டமான வேலை வீட்டில் இல்லை. கேனைத் தரையிலேயே வைத்துப் பம்பு மாட்டிக்கொள்ளுங்கள்.

ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. வெந்நீர்ப் பை வைக்கலாம், ஆனால் சர்க்கரை உள்ளவர்களோ கால் மரத்தவர்களோ தோல் வெந்தாலும் தெரியாது என்பதால் துணி சுற்றி, கையால் சூடு பார்த்துத்தான் வைக்க வேண்டும். மருந்துக்கடையில் பேர் தெரியாத வலி மாத்திரையை வாரக்கணக்கில் வாங்கிப் போடாதீர்கள். வயிறும் கிட்னியும் கெடும். சயாட்டிகா என்றதும் எழுதித்தரப்படும் ப்ரீகாபலின் என்ற நரம்புவலி மாத்திரை, 2017-ல் வந்த நல்ல ஆய்வொன்றில் மருந்தில்லாத போலி மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை, தலைசுற்றல்தான் அதிகம். ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

எத்தனை முறை போவது?

பேரம் பேச வேண்டிய இடம் இது. ‘முப்பது சிட்டிங் பேக்கேஜ், இப்போதே கட்டினால் தள்ளுபடி’ என்பது பல இடங்களில் உண்டு. கட்டாதீர்கள். நான் சொல்வது: வாரத்துக்கு இரண்டு தடவை வீதம் மூன்று வாரம், ஒவ்வொரு தடவையும் அன்றைக்குரிய பணம் மட்டும். ஒரு காகிதத்தில் மூன்று விஷயம் குறித்துக்கொண்டே வாருங்கள்: வலி எதுவரை இறங்குகிறது, எத்தனை நிமிடம் உட்கார முடிகிறது, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது. மூன்று வாரம் முடிந்தும் இவை நகரவே இல்லை என்றால் நான்காவது வாரம் போகாதீர்கள். நகர்ந்திருந்தால் இடைவெளியைக் கூட்டி, நிறுத்துகிற வழியைப் பாருங்கள். வலி போனபிறகும் ‘பராமரிப்புக்காக’ மாதாமாதம் வரச் சொன்னால் அது அவர் கடை வாடகைக்காக.

அதற்கும் கேட்கவில்லை என்றால்

ஆறு முதல் எட்டு வாரம் கழித்தும் தூங்கவிடாத கால்வலி என்றால் ஸ்கேனோடு நரம்பியல் அறுவை மருத்துவரையோ முதுகெலும்பு மருத்துவரையோ பாருங்கள். முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குச் சில வாரங்கள் நிம்மதி தரும். ஆபரேஷன் பற்றி நெதர்லாந்தில் 283 பேரிடம் நடந்து 2007-ல் வெளியான ஆய்வைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. சீக்கிரம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. பொறுத்துப் பார்த்தவர்களில் 39 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்குள் எப்படியும் ஆபரேஷனுக்குப் போனார்கள், மற்றவர்களுக்குத் தேவைப்படவில்லை. வருட முடிவில் இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். ஆக, வலு குறையாதவரை, இது பெரும்பாலும் எவ்வளவு வலியை எத்தனை நாள் பொறுக்க முடியும், வேலைக்கு எப்போது திரும்ப வேண்டும் என்ற கணக்குதான். அதை மருத்துவரோடு உட்கார்ந்து நீங்கள்தான் போட வேண்டும்.

ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், செய்த மருத்துவர் எழுத்தில் சம்மதம் தரும்வரை முதுகில் யாரையும் கைவைக்க விடக்கூடாது. நடைப்பயிற்சி மட்டும் பெரும்பாலும் மறுநாளே தொடங்கிவிடும்.